ஆறு இரவுகள், இரண்டே ஊர்கள்

அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் காட்டுப் பாதையில் இருக்கிறது எங்கள் நாட்றாம்பாளையம். ஓசூருக்குச் சென்று திரும்புவதையே ஒரு பயணமாகக் கருதும் ஊர் இது. மாலை மயங்கிய பின் யானை நடமாட்டத்துக்கு அஞ்சி அவ்வழியே வண்டி ஓட்டத் தயங்குவார்கள். இப்படிப்பட்ட ஊரிலிருந்து நாங்கள் ஐவர், 2024ஆம் ஆண்டுப் பொங்கல் விடுமுறையில், கடல் கடந்து இலங்கைக்குச் சென்று வந்தோம். சென்ற கதையைக் காட்டிலும், எங்கெங்கே செல்லாமல் விட்டோம் என்ற கதையே குடும்பங்களுக்குப் பயன்படும் என்று தோன்றியதால் இதனை எழுதத் துணிந்தோம்.

எங்களுள் ஒருவர் ஓசூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர். மற்றவர் வீட்டையும் இரண்டு ஏக்கர் கேழ்வரகுக் காட்டையும் பார்த்துக்கொள்பவர். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண், ஆறாம் வகுப்பில் ஒரு பையன். ஐந்தாமவர் எங்கள் அன்னையார். 1961ஆம் ஆண்டு இலங்கை மலைநாட்டில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. அந்தக் கணக்கில் அன்னையாரின் பெற்றோர் இந்தியப் பக்கத்தில் விழுந்தார்கள். 1972இல், பதினொரு வயதில், அட்டனில் ரயிலேறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் வந்திறங்கியவர் அவர். அந்த ரயிலுக்கு மலைநாட்டார் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. நிலையத்தில் நிற்போரும் வண்டியில் இருப்போரும் ஒருவரையொருவர் பார்த்துக் கதறுவதால் வந்த பெயர்.

ஐந்தாறு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் கையில் இருந்தது. தொழிற்சாலையில் பொங்கலை ஒட்டி ஒரு வாரம் விடுப்புக் கிடைத்தது. அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. ஆறு இரவுகள் என்று வரையறுத்துக்கொண்டு பயண முகவர் ஒருவரை நாடினோம். அவர் பெயர் வேண்டாம். நல்ல மனிதர்தாம். அழகிய வண்ணத் தாளில் திட்டம் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தார்: நீர்கொழும்பு, சிகிரியா, கண்டி, நுவரெலியா, எல்ல, காலி, கொழும்பு. ஆறு இரவுக்கு ஏழு ஊர்! பிள்ளைகள் அதைச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். எங்களுக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான். இவ்வளவு பணம் செலவழித்துப் போகிறவர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தால்தானே நியாயம் என்று எண்ணினோம்.

ஒரு நாள் இரவு, கூலிக் கணக்கு எழுதும் நோட்டில் அந்தத் திட்டத்தை மணிக்கணக்காகப் பிரித்து எழுதிப் பார்த்தோம். விமான நிலையத்திலிருந்து சிகிரியாவுக்கு வேனில் நான்கு மணி நேரம், அங்கிருந்து கண்டிக்கு மூன்று, கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு மூன்று, எல்லவுக்கு இரண்டு, அங்கிருந்து காலிக்கு ஐந்து, பிறகு கொழும்பும் விமான நிலையமும். கூட்டினால் இருபது மணிக்கு மேல் வந்தது. மலைச்சாலை வளைவுகளில் பையனுக்கு வாந்தி வரும் என்பதை அதில் சேர்க்கவில்லை. ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் துணிகளை மடித்துப் பெட்டி கட்ட வேண்டும்; பகல் பதினொன்றுக்கோ பன்னிரண்டுக்கோ அறையைக் காலி செய்ய வேண்டும்; புதிய ஊரில் அறை கிடைக்க இரண்டு மணி ஆகும்; அதுவரை வயதானவரை எங்கே உட்கார வைப்பது? ஊர் மாற்றம் ஒவ்வொன்றும் அரைநாளை விழுங்குகிறது. ஐந்து மாற்றம் என்றால் இரண்டரை நாள். போகும் நாளும் வரும் நாளும் கழிந்தால் கையில் நிற்பது ஏறக்குறைய இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் ஏழு ஊர்கள்! வேனுக்குள் உட்கார்ந்து சாலையைப் பார்த்து வருவதற்கு எங்கள் அஞ்செட்டிக் கணவாயே போதுமே.

எங்கள் உறவினர் ஒருவர் முன்பு பத்து நாட்களில் எகிப்து, யோர்தான், இசுராயேல் என மூன்று நாடுகளுக்குப் புனிதப் பயணம் போய் வந்தார். எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டால், எல்லையில் வரிசையில் நின்றதையும், விடியற்காலை நான்கு மணிக்கு அறைக் கதவைத் தட்டி எழுப்பியதையும்தான் முதலில் சொல்வார். அது அப்போது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

எனவே ஊர்களைக் குறைப்பது என்று தீர்மானித்தோம். இங்கேதான் உண்மையான சங்கடம் தொடங்கிற்று. காலியையும் எல்லவையும் சிகிரியாவையும் அடிப்பது எளிதாக இருந்தது. ஆனால் முகவரின் தாளில் இல்லாத ஊர் ஒன்று எங்கள் மனத்தில் இருந்தது. அது மடு. கத்தோலிக்கக் குடும்பம் இலங்கைக்குப் போய் மடு மாதாவைக் காணாமல் திரும்புவதா? ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670ஆம் ஆண்டில், மாந்தையிலிருந்த மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு குடும்பங்கள் காட்டுக்குள் ஓடிய வரலாறும், 1924ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் அச்சுரூபத்துக்கு முடி சூட்டப்பட்டதும், உள்நாட்டுப் போரின்போது 2008இல் மீண்டும் அந்த அன்னை இடம்பெயர நேர்ந்ததும், 2015 ஜனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் அங்கே வந்து செபித்ததும் எங்கள் பங்கு மக்களில் பலருக்குத் தெரிந்தவையே. ஆகவே மடு ஒன்று, அன்னையார் பிறந்த தோட்டம் ஒன்று என்று முடிவு செய்தோம்.

வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது இரண்டும் இரு துருவங்களாக இருந்தன. மடு வடக்கே மன்னார் மாவட்டத்துக் காட்டில். அட்டன் நடுவே மலை உச்சியில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல ஒரு முழுப் பகல் வேண்டும். இரண்டையும் வைத்தால் மறுபடியும் வேன், மறுபடியும் பெட்டி கட்டல், ஓரிடத்தில் ஒரே இரவு. ஒன்றை விட்டாக வேண்டும். தோட்டத்தை விட்டுவிடலாம் என்பதே எங்கள் எண்ணம். ஐம்பத்திரண்டு ஆண்டுக்குப் பிறகு அங்கே யார் இருக்கப் போகிறார்கள்? லயத்து அறைகூட இடிந்திருக்கும். அன்னையாருக்கும் மடுவே மகிழ்ச்சி தரும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டு, அவரிடம் செய்தியைச் சொன்னோம்.

அவர் களி கிளறிக்கொண்டிருந்தார். துடுப்பை நிறுத்தாமலே கேட்டார்: “மடுவுக்குப் போனா தோட்டத்துக்குப் போக முடியாதா?”

“முடியாதம்மா. நாள் போதாது.”

“அப்ப மடு வேணாம்.”

எங்களுக்குத் திகைப்பு. மாதாவுக்கு நேர்ச்சை என்றால் நடந்தே போகக்கூடியவர் அவர். அன்றிரவு உணவுக்குப் பின்தான் காரணத்தைச் சொன்னார். 1970ஆம் ஆண்டில், நான்கு வயதில், காய்ச்சல் கண்டு இறந்துபோன தம்பி ஒருவன் அவருக்கு உண்டு. தோட்டத்துக் கல்லறையில் அவனை அடக்கம் செய்தார்கள். இரண்டாண்டு கழித்து அவர்களுக்கு ‘பயணம்’ வந்தது. புறப்படும் நாளில் குழிக்குப் போய் வர அவருடைய தாயாருக்கு நேரம் கொடுக்கவில்லை; லாரி காத்து நின்றது. அந்தத் தாய் இங்கே வந்து முப்பது ஆண்டு வாழ்ந்து கண் மூடும்வரை, ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில், ஒரு மெழுகுதிரியை எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் வீட்டுப் பின்கட்டில் ஏற்றி வைத்தாராம். மெழுகுதிரி ஏற்றுவதைச் சிறு வயதில் நாங்களும் பார்த்திருக்கிறோம். காரணம் கேட்டதில்லை.

“கோச்சி மடு ரோட்டுல ராத்திரி நின்னுச்சு. எறங்க விடல. சன்னல்லேருந்தே கும்புட்டேன். மாதா கேட்டிருப்பா. தம்பிக்கு யாரு இருக்கா?” என்றார்.

அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை. சுவரில் ஒட்டிய தாளைக் கிழித்து, நோட்டில் புதிதாக எழுதினோம். நீர்கொழும்பில் ஓர் இரவு, அட்டனில் நான்கு இரவு, மீண்டும் நீர்கொழும்பில் ஓர் இரவு. நீர்கொழும்பைச் சேர்த்ததற்குக் காரணம் அது கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு மிக அருகில் இருப்பது. பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும் என்பது இன்னொன்று.

ஆயத்தங்களைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அன்னையாருக்குப் பாஸ்போர்ட் எடுப்பதுதான் மலையாக நின்றது. பிறந்த இடம் இலங்கை என்று எழுதியதும் அலுவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நல்ல வேளையாகத் தாத்தாவின் தகரப் பெட்டியில், கண்டியில் வழங்கப்பட்ட பழைய இந்தியக் கடவுச்சீட்டும், தாயகம் திரும்பியோருக்கான குடும்ப அட்டையும் இருந்தன. அவற்றில் அன்னையாரின் பெயர் இருந்ததால் பல நடைகளுக்குப் பின் வழி பிறந்தது. இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பத்தினர் நம் வாசகரில் இருந்தால், அந்தப் பழைய தாள்களைப் பழைய புத்தகக்காரனுக்குப் போட்டுவிட வேண்டாம். விசாவுக்கு இணையத்தின் வழியே முன்கூட்டி விண்ணப்பித்தோம்; அந்த மாதங்களில் இந்தியருக்கு இலங்கை அரசு கட்டணம் வாங்கவில்லை. இவ்விதிகள் அடிக்கடி மாறுகின்றன. புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நலம். அட்டனில் அறை பிடிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சிவனொளிபாத மலை ஏறும் பருவம் டிசம்பர் முதல் மே வரை. அட்டன் அதன் வாசல் ஆகையால் பௌர்ணமி நாட்களிலும் வார இறுதியிலும் இடம் கிடைப்பது அரிது. நாங்கள் ஒரே வீட்டை நான்கு இரவுக்கும் சேர்த்துக் கேட்டதால் வாடகையைக் குறைத்தே கொடுத்தார்கள். ஓரிடத்தில் தங்குவதில் இப்படியும் ஓர் ஆதாயம்.

ஜனவரியில் ஒரு நள்ளிரவு ஓசூரிலிருந்து புறப்பட்டோம். முந்திய மாலையே காட்டைக் கடந்து வந்துவிட்டோம். நாட்றாம்பாளையத்திலிருந்து பெங்களூரைத் தாண்டித் தேவனஹள்ளி விமான நிலையம் சேர எடுத்த நேரத்தில், கொழும்புக்கு மூன்று முறை பறந்துவிடலாம். விமானம் ஒன்றரை மணி நேரத்தில் இறக்கிவிட்டது. நமது ரூபாய் ஒன்றுக்கு அவர்கள் பணம் நான்குக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. பையன் தன்னைப் பணக்காரனாக எண்ணிக்கொண்டான், ஒரு தேநீரின் விலையைக் கேட்கும்வரை.

நீர்கொழும்பைக் ‘குட்டி உரோமை’ என்பார்கள். தெருவுக்குத் தெரு கோயில். சந்திக்குச் சந்தி கண்ணாடிப் பெட்டிக்குள் புனிதர் சுரூபம். கடற்கரை மீனவரில் முதியோர் சிலர் இன்னமும் தமிழ் பேசுகிறார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் சிங்களம் மட்டுமே பேசுகிறார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே திண்ணையில் உட்காரும் எங்கள் ஓசூர்ப் பக்கத்தாருக்கு அது புதுமையாகப்படவில்லை. கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்துக்கும் சென்றோம். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழாவன்று, திருப்பலி நேரத்தில் வெடித்த குண்டுக்கு இங்கே நூற்றுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். இரத்தம் தெறித்த இயேசுவின் சுரூபத்தை அப்படியே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். எங்கள் பெண் நெடுநேரம் அதன் முன் நின்றாள். வேறு ஊருக்குப் புறப்பட அவசரம் இல்லாததால் நாங்கள் அவளை அழைக்கவில்லை.

மறுநாள் கொழும்புக் கோட்டை நிலையத்தில் ரயிலேறினோம். ஐந்து மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம். தென்னந்தோப்பும் வயலும் மறைந்து மலை தொடங்கியதும் அன்னையார் சன்னல் பக்கம் மாறி உட்கார்ந்தார். நாவலப்பிட்டியைத் தாண்டியதும் தேயிலை. அதன்பின் அவர் யாரிடமும் பேசவில்லை. 1,262 மீட்டர் உயரத்தில் அட்டன் நிலையத்தில் இறங்கியபோது குளிருக்குப் பிள்ளைகளின் பல் கிட்டிற்று. அன்னையாரோ மேடையின் கோடிவரை தனியே நடந்து போய்த் திரும்பினார். அவர்கள் பெட்டிகளை அடுக்கியிருந்த இடம் அது என்றார்.

தோட்டத்துக்கு முதல் நாள் போக முடியவில்லை, மழை பிடித்துக்கொண்டது. முகவரின் திட்டப்படி வந்திருந்தால் அன்று மாலையே நாங்கள் எல்லவில் இருந்திருக்க வேண்டும். அறையில் உட்கார்ந்து அன்னையாரிடம் கதை கேட்டோம். பிரட்டுக் களத்தில் விடியுமுன் பெயர் கூப்பிடுவது, கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டி மலையேறுவது, கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளையிடம் வாதாடுவது, பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையில் எட்டுப் பேர் படுப்பது என அத்தனையும் அன்றுதான் எங்கள் பிள்ளைகள் முதன்முறையாகக் கேட்டார்கள். நாங்களும் பாதியை அன்றுதான் கேட்டோம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் முதலில் கோப்பிக்காகவும், 1869இல் தொடங்கிய இலைநோயால் கோப்பி அழிந்த பின் தேயிலைக்காகவும், மன்னார்க் காட்டு வழியே நடந்து வந்த சேலத்து, திருச்சி, மதுரைச் சீமைத் தமிழரின் கதை அது. அந்தக் காட்டு வழியில் செத்து விழுந்தவர்களின் எண்ணிக்கை கொஞ்சமல்ல. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்கள் பிள்ளைகளை நாடற்றவர்களாக்கிற்று.

இரண்டாம் நாள் தோட்ட அலுவலகத்தில் சொல்லிவிட்டு உள்ளே போனோம். லயம் இடிந்திருக்கவில்லை, கூரைத் தகரம் மட்டும் புதியது. அதே அறையில் வேறொரு குடும்பம். உள்ளே அழைத்துப் பால் இல்லாத தேநீர் கொடுத்தார்கள். அன்றைய நாட்கூலி 1,000 ரூபாய். நம் பணத்தில் ஏறத்தாழ 260. இளையவர்கள் பலர் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்களாம். ஆனால் கல்லறை எங்கே? அன்னையார் நினைவில் இருந்த பாறை ஒன்றையும் காணோம். பழைய இடத்தில் தேயிலை நட்டுவிட்டார்கள் என்றார் ஒருவர். இல்லை, மேலே இருக்கிறது என்றார் மற்றொருவர். காலில் இரத்தம் வடிய வடிய அட்டைகளைப் பிடுங்கி எறிந்துகொண்டு மாலைவரை அலைந்தோம். அன்னையாரின் முகத்தைப் பார்க்க எங்களுக்குத் தைரியம் இல்லை. அழைத்து வந்ததே தவறோ, மடுவுக்கே போயிருக்கலாமோ என்று இரவெல்லாம் எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் காலை அந்த லயத்துப் பையன் ஒருவன் நாங்கள் தங்கிய வீட்டைத் தேடி வந்தான். அடுத்த பிரிவில் இருக்கும் ஒரு பாட்டிக்கு விவரம் தெரியுமாம். போனோம். எண்பதைத் தாண்டிய மூதாட்டி. கண் சரியாகத் தெரியவில்லை. அன்னையாரின் கையைப் பிடித்துத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, “நீ மேட்டு லயத்து மூத்த புள்ளதானே? ஒங்காத்தா என்கூட ஒரே நெரையில கொழுந்து எடுத்தவ” என்றார். அவருடைய மருமகன் எங்களை நடத்திச் சென்றார். பாறை இருந்த இடத்திலேயே இருந்தது. மரங்கள் வளர்ந்து மறைத்திருந்தன, அவ்வளவுதான். சிறு பிள்ளைகளை அதன் கீழ்ப்பக்கம்தான் புதைப்பார்களாம். எது யாருடைய குழி என்று சொல்ல எவராலும் முடியாது. கல் இல்லை, சிலுவை இல்லை, புல் மட்டுமே.

அன்னையார் நாட்றாம்பாளையத்திலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த மெழுகுதிரி முழுவதையும் அங்கே ஏற்றினார். காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. எங்கள் பையன் உள்ளங்கைகளைக் குவித்து அதைச் சுற்றி வைத்துக்கொண்டு, எரிந்து முடியும்வரை அசையாமல் இருந்தான். செபமாலை ஒன்று சொன்னோம்; பாட்டியின் மருமகன் இந்து; அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

நான்காம் நாள் ஒன்றுமே செய்யவில்லை. அன்னையார் மட்டும் காலையில் அந்தப் பாட்டியிடம் போய் மாலையில் வந்தார். பிள்ளைகள் மலைச்சரிவில் லயத்துச் சிறுவர்களோடு கிரிக்கெட் விளையாடினார்கள்.

இலங்கையில் உறவோ நினைவோ இல்லாதவர்களுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும் என்றே நினைக்கிறோம். சிங்கப்பூர் என்றால் சிங்கப்பூர் மட்டும். அங்கே 1888 முதல் தமிழர் வழிபட்டு வரும் லூர்து அன்னை ஆலயம் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் காட்ட ஐந்து நாளுக்கு வேண்டியதும் இருக்கிறது. அதோடு கோலாலம்பூரையும் லங்காவியையும் கட்ட வேண்டியதில்லை. பினாங்கு என்றால் ஜார்ஜ் டவுனும் புக்கிட் மெர்த்தாஜம் புனித அன்னம்மாள் திருத்தலமும் ஒரு வாரத்துக்குத் தாராளம். குடும்பத்தில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ, அவர் காலைக் கொண்டு நாளை அளப்பது எங்களுக்கு உதவியது. திட்டத்தில் ஒரு நாளை வேண்டுமென்றே வெறுமையாக விடுவதும் அப்படியே. எங்களுக்கு அந்த நாளை மழை எடுத்துக்கொண்டது. இன்னொன்று இருந்ததால்தான் தப்பித்தோம்.

திரும்பும் முன்மாலை நீர்கொழும்புக் கடற்கரையில் கருவாடு காயும் பாய்களுக்கிடையே உட்கார்ந்திருந்தோம். மடு எந்தப் பக்கம் என்று அன்னையார் கேட்டார். வேன் ஓட்டுநர் வடக்கே கையைக் காட்டினார். அன்னையார் அந்தப் பக்கம் திரும்பி, சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு, முழங்காலிலிருந்த மணலைத் தட்டிவிட்டு எழுந்தார்.

பாட்டி கொடுத்த தேயிலைத்தூள் ஒரு பொட்டலம் எங்களோடு வந்தது. வீட்டுக்கு வந்த மறுநாள் காலை அதைப் போட்டு எல்லோருக்கும் கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, தூள் நல்ல தூள்தான், நாட்றாம்பாளையத்துத் தண்ணீர்தான் சரியில்லை என்றார்.